நான்கு கோடைகளைக் கண்ட ஸ்ட்ரீமிங் ஸ்டிக்: கோளாறுகளும் கைகண்ட தீர்வுகளும்

மதுரை தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கும் எங்கள் வீட்டு டி.வி.யின் பின்புறம், 2021 தீபாவளியிலிருந்து, இணையம் வழியாகப் படங்களைத் திரைக்குக் கொண்டுவரும் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் தொங்கிக்கொண்டிருக்கிறது. அது நின்றுபோன நாள், திணறிய நாள், படம் காட்ட மறுத்த நாள் ஆகியவற்றைத் தேதியுடன் ஒரு பழைய டைரியில் குறித்து வைத்திருக்கிறேன். கணக்கு எழுதிப் பிழைப்பவளுக்கு இந்தப் பழக்கம் விடாது. சென்ற மாதம் எண்ணிப் பார்த்தபோது இருபத்து மூன்று குறிப்புகள் இருந்தன. அவற்றில் ஸ்டிக்கின் மீது நியாயமாகப் பழி சொல்லத்தக்கவை மூன்றே மூன்றுதான். மற்ற இருபதும் மின்சாரம், வெயில், சுவர், பீரோ, ஒயர், எங்கள் அவசரம் ஆகியவற்றின் கணக்கில் சேர வேண்டியவை. எந்த நிறுவனத்தின் கருவி என்று நான் சொல்லப்போவதில்லை, ஏனெனில் டி.வி.யின் துளையில் செருகிப் பயன்படுத்தும் கருவிகளுக்கெல்லாம் ஏறத்தாழ இதே பாடுதான்.

முதல் கோளாறு வாங்கிய இரண்டாம் வாரத்திலேயே வந்தது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்து, நிறுவனச் சின்னம் தோன்றி, கருவி புதிதாக உயிர்பெற்று எழும். ஒரு மாலையில் மூன்று முறையாவது இப்படி நடந்தது. கருவியே பழுது, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பெட்டியைத் தேடி எடுத்தபோதுதான், உடன் வந்த அடாப்டர் உறை பிரிக்கப்படாமல் உள்ளேயே கிடப்பதைப் பார்த்தேன். சுவரில் ஒயர் தொங்கினால் அழகாக இல்லை என்று என் கணவர் ஸ்டிக்கின் மின்கம்பியை டி.வி.யின் யூ.எஸ்.பி. துளையிலேயே செருகியிருந்தார். யூ.எஸ்.பி. 2.0 துளை தரத்தின்படி தருவது 5 வோல்ட்டில் 0.5 ஆம்பியர், அதாவது இரண்டரை வாட். அடாப்டரின் முதுகில் அச்சிட்டிருந்ததோ 5 வோல்ட், 1 ஆம்பியர். முகப்புத் திரையில் சும்மா நிற்கும்வரை அந்த இரண்டரை வாட் போதுமானதாக இருந்திருக்கிறது. வைஃபையும், சுருங்கி வரும் படத்தை விரிக்கும் சில்லும் ஒரே நேரத்தில் உழைக்கத் தொடங்கியதும் பற்றவில்லை. டி.வி.யை அணைத்தால் பல டி.வி.களில் அந்தத் துளையும் அணைந்துவிடுவதால், இரவில் தானாக நடக்க வேண்டிய மென்பொருள் புதுப்பிப்புகளும் எங்கள் வீட்டில் நடக்காமலே இருந்தன.

அடாப்டரைப் போட்டதும் தீர்ந்த இந்தத் தொல்லை, ஓராண்டு கழித்து வேறு உருவில் திரும்பி வந்தது. பிளக் பாயின்ட் தள்ளியிருந்ததால் பத்தடி நீளக் கம்பி ஒன்றை வாங்கிப் போட்டிருந்தேன். மறுநாளே பழைய கதை. டவுன்ஹால் ரோட்டில் நான் வழக்கமாகப் போகும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைத் தம்பி கம்பியை விரலிடுக்கில் உருட்டிப் பார்த்துவிட்டு, "நீளமா வேணும்னா உள்ள இருக்குற செம்பு தடிமனா இருக்கணும்க்கா, இது நூல் கணக்கா இருக்கு" என்றார். மெல்லிய கம்பியில் நீளம் கூடக்கூட மின்னழுத்தம் வழியிலேயே குறைந்துவிடுகிறது. யூ.எஸ்.பி. கம்பியைக் குட்டையாக வைத்துக்கொண்டு, 230 வோல்ட் வரும் எக்ஸ்டென்ஷன் பெட்டியை டி.வி.க்கு அருகில் கொண்டுவருவதே சரி என்று அவர் சொன்னபடி செய்தேன். அதன்பின் கருவி ஒருமுறைகூடத் தானாக அணைந்து எழவில்லை.

மின்சாரம் போய் வரும்போது நடப்பது தனி வேடிக்கை. கரண்ட் வந்ததும் ஸ்டிக் ஒரு நிமிடத்துக்குள் எழுந்துவிடும். ஃபைபர் மோடமும் ரவுட்டரும் நிதானத்துக்கு வர இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகும். முன்னதாக எழுந்த ஸ்டிக், இணையம் இல்லை என்று அறிவித்துவிட்டு அப்படியே முறைத்துக்கொண்டு நிற்கும். சில சமயம் வைஃபை இணைந்தது போலவே காட்டும், ஆனால் எந்தச் செயலியும் திறக்காது. பெரும்பாலான ஸ்டிக்குகளில் கடிகாரத்துக்கென்று பேட்டரி இல்லை. நேரத்தை இணையத்திலிருந்துதான் பெற்றுக்கொள்கின்றன. தேதி பிசகியிருந்தால், இணையதளங்கள் தம்மை உறுதிப்படுத்தக் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவை போலத் தோன்றி, செயலிகள் இணைய மறுத்துவிடும். அமைப்புகளுக்குள் போய்த் தேதியைப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒருமுறை கருவியை முழுவதுமாக அழித்து மறுபடி அமைத்தேன். இப்போது மோடமுக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு 12 வோல்ட் மினி யூ.பி.எஸ். வைத்திருக்கிறோம். நான்கு ஆண்டுகளில் இந்தக் கருவிக்காகச் செலவழித்ததில் மிகவும் பயனுள்ள காசு அதுதான் என்பேன்.

வெயிலைப் பற்றி மதுரைக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரி செல்சியஸைத் தொடுவது இங்கே செய்தியே அல்ல. எங்கள் டி.வி. மாட்டியிருப்பது மேற்குச் சுவரில். 2022 அக்னி நட்சத்திரத்தின்போது, மாலை நான்கு மணி முதல் ஆறு மணிவரை படம் விக்கி விக்கி ஓடுவதும், ரிமோட்டை அழுத்தினால் ஐந்தாறு விநாடி கழித்து அசைவதும், இரவு பத்து மணிக்கு அதே படம் தண்ணீர் போல ஓடுவதுமாக இருந்தது. இணையத்தின் மீது சந்தேகப்பட்டு, அந்த இரண்டு மணி நேரமும் வேகத்தை அளந்து பார்த்தேன். எந்தக் குறையும் இல்லை. டி.வி.யின் பின்னால் கைவிட்டு ஸ்டிக்கைத் தொட்டபோது விரல் சுட்டது, இட்லித் தட்டை வெறுங்கையால் எடுத்தது போல. சூடு ஓர் அளவைக் கடந்தால் சில்லு தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் கருவி அணைந்துவிடும். பகலெல்லாம் வெயில் குடித்த சுவர் ஒரு பக்கம், டி.வி.யின் முதுகு ஒரு பக்கம், போதாக்குறைக்கு டி.வி.யின் மீது அத்தை ஆசையாகப் பின்னிப் போட்டிருந்த குரோஷா துணி பின்புறம்வரை தொங்கிக்கொண்டிருந்தது.

தீர்வு பெட்டியிலேயே இருந்தது. பல ஸ்டிக்குகளுடன் நான்கு விரற்கடை நீளத்தில் படத்தையும் ஒலியையும் டி.வி.க்குக் கடத்தும் ஒரு எச்.டி.எம்.ஐ. நீட்டிப்புக் கம்பி வருகிறது. எதற்கென்று தெரியாமல் பெரும்பாலானோர் அதைப் பெட்டியோடு பரணில் போட்டுவிடுகிறார்கள். அதைப் பூட்டி, ஸ்டிக் டி.வி.யின் கீழ் விளிம்புக்கு வெளியே காற்றில் தொங்கும்படி செய்தேன். அத்தையின் மனம் நோகாமல் துணியை நாற்காலிக்கு மாற்றுவதற்குத்தான் இரண்டு நாள் ஆனது. அடுத்த கோடையில் மாலை நேரத் திணறல் இல்லை. சூடான ஸ்டிக்கைச் சீக்கிரம் ஆற்றுவதற்காகக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார் என் உறவினர் ஒருவர். வெளியே எடுத்ததும் உள்ளே நீர் பூத்து, அது பிறகு எழவேயில்லை. மின்விசிறிக் காற்றில் அரைமணி நேரம் வைத்தாலே போதும்.

எங்கள் வீடு பழைய பாணியில் நீளவாக்கில் ஓடுவது. ஃபைபர் வாசல் பக்கமாக நுழைவதால் ரவுட்டர் முன்னறையில் இருந்தது; டி.வி. இரண்டாம் கட்டில். இடையில் ஒன்றரை அடி கனமுள்ள சுண்ணாம்புக் காரைச் சுவர், அதை ஒட்டி அத்தை சீதனமாகக் கொண்டுவந்த ஸ்டீல் பீரோ. ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று கைபேசியில் இணைய வேகத்தை அளந்தால் 90 எம்.பி.பி.எஸ். (விநாடிக்கு மெகாபிட்) காட்டும், இணைப்பு பிரமாதம் என்று எல்லோரும் சொல்வோம். ஒருநாள் ஸ்டிக்கிலேயே அளவுச் செயலியை நிறுவி அளந்தபோது 3 எம்.பி.பி.எஸ். வந்தது. 1080பி படத் தரத்துக்கு 5 எம்.பி.பி.எஸ்., அதைவிடத் தெளிவான 4கே தரத்துக்கு 15 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஆக, திரையில் காத்திருப்பு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்ததில் வியப்பில்லை. இரும்புத் தகட்டை வைஃபை அலை ஊடுருவாது. அந்தப் பீரோ நேர்க்கோட்டில் ஒரு கோட்டைச் சுவர் போல நின்றது.

பீரோவை நகர்த்துவதே நேர்வழி. ஆனால் அது கன்னி மூலையில் இருக்கிறது, அங்கிருந்து அசைக்கக் கூடாது என்று அத்தை உறுதியாகச் சொல்லிவிட்டார். எனவே ரவுட்டரை நகர்த்தினோம். மோடமிலிருந்து ஒரு லேன் ஒயரை நடை வழியாக இழுத்து, முற்றத்து மாடத்தில், ஆள் உயரத்துக்கு மேல் ரவுட்டரை வைத்ததும், டி.வி. இருக்கும் இடம் அங்கிருந்து கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. வேகம் 40ஐத் தாண்டியது. அலைவரிசையையும் அப்போதுதான் கவனித்தேன். எங்கள் சந்தில் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்பதால், ஸ்டிக்கின் பட்டியலில் பதினேழு வீட்டு வைஃபை பெயர்கள் வந்தன, ஏறத்தாழ எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸில். அந்தப் பட்டையில் ஒன்றின்மேல் ஒன்று விழாத தடங்கள் 1, 6, 11 என்று மூன்றுதான் உண்டு. பதினேழு வீடு மூன்று தடத்தில் போனால் சித்திரைத் திருவிழாக் கூட்டம்தான். ரவுட்டர் தரும் இன்னொரு பட்டையான 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, நெரிசல் குறைந்தது, ஆனால் சுவரைக் கண்டால் துவண்டுவிடும். இரண்டு பட்டைக்கும் ஒரே பெயர் வைத்திருந்ததால் ஸ்டிக் நெரிசலான பட்டையிலேயே போய் ஒட்டிக்கொண்டிருந்தது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் கொடுத்து, ஸ்டிக்குக்கு 5 கிகாஹெர்ட்ஸை மட்டும் அறிமுகப்படுத்தினேன். இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ரவுட்டரை நகர்த்திய அன்றே பெயரையும் மாற்றியிருந்தால் எது குணமாக்கியது என்று எனக்குத் தெரிந்திருக்காது. ஒரு மாற்றம், ஓர் இரவு பொறுத்திருத்தல், பிறகு அடுத்தது என்ற முறை சலிப்பூட்டுவதுதான். ஆனால் அதைக் கைவிட்ட ஒவ்வொரு முறையும் நேரம் இரட்டிப்பாகச் செலவாயிற்று.

ஃபைபர் சம்பந்தமாக நானே இழைத்த பிழை ஒன்றும் டைரியில் இருக்கிறது. வீடு கூட்டும்போது இடறுகிறது என்று, மிகுந்திருந்த ஃபைபர் கம்பியைச் சுவர் ஆணியில் இறுக்கமாகச் சுற்றி மாட்டினேன். அன்று இரவிலிருந்து இணைப்பு வந்து வந்து போயிற்று. மோடமில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. கண்ணாடி இழையைக் கூர்மையாக வளைத்தால் ஒளி வளைவிலேயே கசிந்துவிடும் என்பதை, பழுது பார்க்க வந்தவர் மோடமின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து காட்டி விளக்கினார். ஏற்கும் ஒளியின் அளவு மைனஸ் 29 டி.பி.எம். (ஒளியின் வலிமையை அளக்கும் அலகு) என்று இருந்தது, சுற்றை அவிழ்த்து அகலமான வளையமாக விட்டதும் மைனஸ் 22க்கு வந்தது. மைனஸ் 27க்குக் கீழே போனால் இணைப்பு தள்ளாடத் தொடங்கும் என்றார். சிவப்பு விளக்கு எரியும்போது ஸ்டிக்கில் எதைத் தொட்டும் பயனில்லை என்ற தெளிவு அன்று வந்தது.

இனி ஸ்டிக்கின் மீதே பழி விழும் மூன்று. அவற்றில் இரண்டு, இடம் நிறைந்துபோனதால் வந்தவை. பெட்டியில் 8 ஜி.பி. என்று போட்டிருந்தாலும், இயங்குதளம் எடுத்துக்கொண்டது போக நம் கைக்கு வருவது ஏறத்தாழ ஐந்து ஜி.பி.தான். பிள்ளைகள் நிறுவிய விளையாட்டுகளும், பார்க்காத செயலிகளும், அவை சேர்த்துவைத்த தற்காலிகக் கோப்புகளும் சேர்ந்து அந்த ஐந்தையும் விழுங்கியதும், செயலிகள் திறந்த கையோடு மூடிக்கொண்டன. அமைப்புகளில் ஒவ்வொரு செயலிக்கும் கேச்சை, அதாவது அந்தத் தற்காலிகக் கோப்புகளை, அழிக்க ஒரு வசதியும், தரவை அழிக்க இன்னொரு வசதியும் உண்டு. முதலாவது குப்பையை மட்டும் கூட்டும். இரண்டாவது உள்நுழைவையும் சேர்த்துத் துடைத்துவிடும். அவசரத்தில் இரண்டாவதை அழுத்திவிட்டு, கடவுச்சொல் யாருக்கும் நினைவில்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இழந்தோம். மூன்றாவது, ஒரு மென்பொருள் புதுப்பிப்புக்குப் பின் ஒரே ஒரு செயலியில் ஒலி மட்டும் வந்து படம் வராத கோளாறு. பத்து நாளில் அடுத்த புதுப்பிப்பு வந்ததும் தானே சரியாயிற்று.

ரிமோட் தனிக் கதை. ஒலியைக் கூட்டும் பொத்தான் மட்டும் வேலை செய்யவில்லை, மற்றவை செய்கின்றன என்று அத்தை சொன்னபோது ரிமோட் போய்விட்டது என்றே நினைத்தேன். இவ்வகை ரிமோட்டுகள் ஸ்டிக்குடன் புளூடூத்தில் பேசுகின்றன, டி.வி.யின் ஒலியையோ பெரும்பாலும் பழைய அகச்சிவப்பு ஒளியால் கட்டுப்படுத்துகின்றன. புளூடூத்துக்குத் திசை வேண்டாம், அகச்சிவப்புக்கு டி.வி.யின் கண் தெரிய வேண்டும். எங்கள் டி.வி.யின் கண்ணுக்கு முன்னால் நவராத்திரிக்கு எடுத்த மரப்பாச்சி ஒன்று நின்றுகொண்டிருந்தது. ஐயம் இருந்தால் கைபேசியின் முன்பக்கக் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் நுனியை அதற்குக் காட்டி ஒலிப் பொத்தானை அழுத்திப் பார்க்கலாம். திரையில் ஊதா நிறத்தில் ஒரு பொட்டு மினுக்கினால் ரிமோட் நலமாக இருக்கிறது. எல்லாப் பொத்தானும் ஒருசேர நின்றால் முதலில் பேட்டரி, பிறகு பேட்டரி தொடும் சுருளில் பச்சை பூத்திருக்கிறதா என்ற சோதனை, கடைசியாக மறு இணைப்பு.

ரிமோட் உண்மையிலேயே தொலைந்துபோய், அதே வாரத்தில் ரவுட்டரும் மாறிவிட்டால் வரும் சிக்கலுக்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்று உண்டு. கைபேசிச் செயலியை ரிமோட்டாகப் பயன்படுத்த வேண்டுமானால், ஸ்டிக்கும் கைபேசியும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். ஸ்டிக்கைப் புதிய வைஃபையில் சேர்க்கவோ ரிமோட் வேண்டும். ஒரு கைபேசியின் ஹாட்ஸ்பாட்டுக்குப் பழைய வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்துப் பிசகாமல் அப்படியே கொடுத்தால், ஸ்டிக் தன் பழைய வீடு வந்துவிட்டது என்று நம்பி இணைந்துகொள்ளும். இரண்டாவது கைபேசியை அதே ஹாட்ஸ்பாட்டில் சேர்த்து, செயலியால் இயக்கிப் புதிய வைஃபைக்கு மாற்றிவிடலாம்.

படமே வராமல் கறுப்புத் திரை நிற்பதும், படம் வந்து ஒலி வராததும் எங்கள் வீட்டில் அதிகம் நடக்கவில்லை. முதலாவதற்கு எச்.டி.எம்.ஐ. துளையை மாற்றிப் பார்த்தும், இடையில் இருந்த, ஒரே இணைப்பைப் பலவாக்கும் பிரிப்பானை அகற்றியும் தீர்வு கண்டோம். அந்தப் பிரிப்பான் எச்.டி.சி.பி. என்னும் நகல் தடுப்பு முறையைச் சரியாகக் கடத்தவில்லை. இரண்டாவதற்கு, பழைய ஹோம் தியேட்டர் டால்பி ஒலியைப் புரிந்துகொள்ளாததே காரணம். ஒலி அமைப்பைச் சாதாரண ஸ்டீரியோவாக மாற்றியதும் பேசத் தொடங்கியது.

சோழவந்தானில் இருக்கும் என் சித்திக்கு நேர்ந்ததை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். புது ஸ்டிக்கின் திரையில் தோன்றிய குறியீட்டை எங்கே இடுவது என்று தெரியாமல், தேடுபொறியில் உதவி எண் என்று தேடி, முதலில் வந்த எண்ணை அழைத்திருக்கிறார். பேசியவர் நல்ல தமிழில், பதிவுக் கட்டணம் இரண்டாயிரம் ரூபாய் என்று சொல்லி, கைபேசித் திரையைப் பகிரும் செயலி ஒன்றை நிறுவச் சொல்லியிருக்கிறார். நல்லவேளையாக, அது நிறுவப்படுவதற்குள் எனக்கு அழைப்பு வந்தது. "சித்தி, போனை முதல்ல வைங்க" என்று மட்டும் சொன்னேன். ஸ்டிக்கைக் கணக்குடன் இணைப்பதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. உதவி எண் வேண்டுமானால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் இணைய முகவரியிலிருந்துதான் எடுக்க வேண்டும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் அழித்துத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோவதைத்தான் பலர் முதல் மருந்தாகச் சொல்கிறார்கள். நான் நான்கு ஆண்டுகளில் இருமுறை செய்தேன். இரண்டு முறையும் அது தேவையற்றதாக இருந்தது: ஒருமுறை தேதிப் பிசகு, மறுமுறை வெயில். மின்சாரம், சூடு, வேகம், இடம் ஆகிய நான்கையும் பார்த்து முடித்த பிறகும் கோளாறு நிற்கவில்லை என்றால்தான் அதன் பக்கம் போக வேண்டும். போவதற்கு முன் எல்லாக் கடவுச்சொற்களும் கையில் எழுதியிருக்க வேண்டும்.

எந்த வழியிலும் நான் சரிசெய்ய முடியாத குறை ஒன்று இன்னும் இருக்கிறது. நேரலைக் காட்சி இணையத்தில் சிறு சிறு துண்டுகளாக வெட்டப்பட்டு, முன்கூட்டிச் சேமிக்கப்பட்டு ஓடுவதால், கேபிளில் வருவதைவிட அரை நிமிடமாவது பின்தங்குகிறது. மற்ற நாட்களில் இது யாருக்கும் தெரியாது. சித்ரா பௌர்ணமி விடியலில், அழகர் வைகையில் இறங்கும்போது என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று மதுரையே மூச்சடக்கிக் காத்திருக்கும் வேளையில் மட்டும் தெரியும். எங்கள் திரையில் தங்கக் குதிரை இன்னும் கூட்டத்துக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருக்கும்போதே, கேபிள் இணைப்பு வைத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டி "பச்சப்பட்டு, பச்சப்பட்டு" என்று கூவிவிட்டார். அத்தை திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த ஆண்டிலிருந்து அந்த ஒரு விடியற்காலைக்கு மட்டும் அத்தை சொம்பில் காபியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறார். நான் ஸ்டிக்கை இயக்குவதே இல்லை.